கார் இன்ஜினை உடைக்கும் ஒரு பைல்

கம்ப்யூட்டர் என்றவுடன் மேஜை மேல் இருக்கும் மானிட்டரும் கீபோர்டும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் வாசலில் நிற்கும் காருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை. சாவியைத் திருப்பியதும் பூட் ஆகிறது. வண்டியை நிறுத்தும் வரை ஓய்வே இல்லாமல் கணக்குப் போடுகிறது. இதன் பெயர் இன்ஜின் கன்ட்ரோல் யூனிட். சுருக்கமாக இசியு என்பார்கள்.

இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள தகவல்களை ஒரு லேப்டாப்பைக் கொண்டு மாற்றி எழுத முடியும். இதற்கு ட்யூனிங் அல்லது ரீமேப் என்று பெயர். டர்போ பொருத்திய கார்களில் ஒரு ஸ்பேனரைக் கூடக் கையில் எடுக்காமல், அரை மணி நேரத்தில் இன்ஜினின் சக்தியைக் கூட்டிவிடலாம். விஷயம் தெரிந்தவர் அளந்து பார்த்துச் செய்தால் நல்ல பலன் கிடைக்கும். இன்டர்நெட்டில் கிடைத்த பைலை அப்படியே ஏற்றினால் பிஸ்டன் உடையும். ஒரு பைலால் உலோகத்தை எப்படி உடைக்க முடியும்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

எக்ஸெல் ஷீட் போல ஒரு மேப்

நீங்கள் எக்ஸெல் பயன்படுத்தியிருப்பீர்கள். இசியுவுக்குள் இருப்பதும் கிட்டத்தட்ட அதே போன்ற அட்டவணைகள்தான். ஒரு பக்கம் இன்ஜின் நிமிடத்திற்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது இருக்கும். மறுபக்கம் இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று நுழைகிறது என்பது இருக்கும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். இந்த அட்டவணைக்கு மேப் என்று பெயர்.

ஒரு மேப் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று சொல்லும். இன்னொன்று ஸ்பார்க் பிளக் எப்போது பொறி தர வேண்டும் என்று சொல்லும். மூன்றாவது, டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்று சொல்லும். உதாரணத்திற்கு, பொறிக்கான மேப்பில் ஒரு கட்டத்தில் 14 என்று இருந்தால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 14 டிகிரி முன்பே பொறி விழ வேண்டும் என்று பொருள்.

இதன் வேகத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். நிமிடத்திற்கு 6000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு விநாடிக்கு 200 பொறிகள் விழ வேண்டும். அந்த வேகத்தில் ஒரு டிகிரி என்பது ஒரு விநாடியில் 36,000இல் ஒரு பங்கு. அதாவது அந்தக் கட்டத்தில் 14ஐ அழித்துவிட்டு 18 என்று டைப் செய்தால் நாம் மாற்றுவது ஒரு விநாடியில் 9,000இல் ஒரு பங்கு நேரம் மட்டுமே. இன்ஜின் பிழைப்பதும் உடைவதும் இந்தச் சிறு இடைவெளியில்தான் இருக்கிறது.

டர்போ என்ன செய்கிறது?

சாதாரண இன்ஜின் தானே காற்றை உறிஞ்சுகிறது. டர்போ இன்ஜினில் சைலன்சர் வழியாக வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிறது. இந்தச் சக்கரங்கள் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியவை. டர்போ ஒரு பார் அழுத்தம் கூட்டினால் காற்றின் அழுத்தம் சுமார் இரு மடங்காகிறது. காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலையும் கூட்டலாம், சக்தியும் கூடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். அழுத்தினால் காற்று சூடாகும். வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும் நாளில் காற்றை இரு மடங்கு அழுத்தினால், டர்போவிலிருந்து வெளிவரும் காற்றின் வெப்பம் கணக்குப்படி 130 டிகிரியைத் தாண்டும். இதைத் தணிக்க இன்டர்கூலர் என்ற ரேடியேட்டர் போன்ற பாகம் உண்டு. கம்ப்யூட்டர் பிராசசருக்கு ஹீட்சிங்க் எப்படியோ, டர்போவுக்கு இன்டர்கூலர் அப்படி.

டெட்டனேஷன் என்றால் என்ன?

பொறி விழுந்ததும் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை ஒரேயடியாக வெடிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. பொறி விழுந்த இடத்திலிருந்து தீ சீராகப் பரவுகிறது, காய்ந்த வைக்கோலில் ஒரு முனையில் வைத்த நெருப்பு மறுமுனைக்குப் போவது போல. இதனால் அழுத்தமும் சீராக ஏறி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.

தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் உள்ள கலவை, அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே ஒரே நொடியில் பற்றிக்கொண்டால் என்ன ஆகும்? அழுத்த அலைகள் சிலிண்டருக்குள் இங்கும் அங்கும் மோதுகின்றன. இதுதான் டெட்டனேஷன். பொதுவாக நாக்கிங் என்பார்கள். டப்பாவுக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற ஓசை கேட்கும்.

ஓசையை விடக் கெடுதலானது வேறொன்று. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டன் செய்யப்பட்டிருக்கும் அலுமினியக் கலவையோ 600 டிகிரிக்கு முன்பே உருகத் தொடங்கிவிடும். அப்படியானால் தினமும் ஏன் உருகவில்லை? உலோகத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலம் ஒரு போர்வை போல வெப்பத்தைத் தடுக்கிறது. பின்பக்கமிருந்து ஆயிலும் கூலன்ட்டும் சூட்டை எடுத்துச் செல்கின்றன. டெட்டனேஷன் அலைகள் அந்தப் போர்வையைக் கிழித்துவிடுகின்றன. வெப்பம் நேராக உலோகத்தில் இறங்குகிறது.

முதலில் பிஸ்டனின் ஓரத்தில் உப்புத்தாள் தேய்த்தது போலச் சிறு குழிகள் விழும். பிறகு பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய விளிம்பு உடையும். ஹெட் கேஸ்கட் போகலாம். கனெக்டிங் ராட் பேரிங்குகள் சுத்தியலால் அடித்தது போல அடிவாங்கும். அமெரிக்காவில் 2004 மாடலாக அறிமுகமான சுபாரு இம்ப்ரெசா எஸ்டிஐயின் 2.5 லிட்டர் டர்போ இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வார்ப்பு பிஸ்டன்களில் இந்த விளிம்பு உடைவது ட்யூனிங் செய்வோர் அனைவரும் அறிந்த விஷயம்.

காது கொடுத்துக் கேட்கும் இசியு

தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். இன்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் என்ற சிறு பாகம் திருகப்பட்டிருக்கும். இது ஒரு வகை மைக்ரோஃபோன். சுமார் 86 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் டெட்டனேஷன் ஓசை 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அந்த அதிர்வு கேட்டவுடன் இசியு பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தும். பிறகு மெல்ல மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். பிராசசர் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதே, அது போலத்தான்.

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் 1962இல் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை வெளியிட்டது. டெட்டனேஷனைத் தடுக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இன்ஜினுக்குள் தெளித்தார்கள். அந்தத் தொட்டியைப் பலர் நிரப்பவே இல்லை. 1963உடன் அந்த மாடல் நின்றுபோனது. உரிமையாளரின் நினைவாற்றலை நம்பிப் பயனில்லை என்பது புரிந்தது. சுவீடன் நாட்டின் சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் ஏபிசி என்ற முறையைக் கொண்டுவந்தது. நாக் சென்சார் ஓசையைக் கேட்டதும் எலக்ட்ரானிக் சர்க்யூட் டர்போவின் அழுத்தத்தைத் தானே குறைத்துவிடும். பெட்ரோலின் தரம் ஊருக்கு ஊர் மாறினாலும் கார் தன்னைச் சரிசெய்துகொண்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாக் சென்சார் அடி விழுந்த பிறகுதான் கேட்கிறது. அது முன்கூட்டியே தடுப்பதில்லை. எப்போதாவது ஒருமுறை விழும் சிறிய அடியை இன்ஜின் தாங்கும். மேப்பே தவறாக இருந்தால் ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் அடி விழும். அப்போது சென்சாரால் காப்பாற்ற முடியாது. இன்னும் மோசமாக, சக்தி குறையாமல் இருக்கட்டும் என்று சென்சாரின் உணர்திறனையே குறைத்து எழுதும் ட்யூனர்களும் உண்டு. ஃபயர் அலாரம் அடிக்கிறது என்று பேட்டரியைக் கழற்றி வைப்பதற்கு இது சமம்.

93 பெரியதா, 95 பெரியதா?

இப்போது முக்கியமான இடத்திற்கு வருகிறோம். பெட்ரோல் டெட்டனேஷனை எவ்வளவு தாங்கும் என்பதை ஆக்டேன் எண் சொல்கிறது. எண் கூடினால் தாங்கும் திறன் கூடும். எனவே ஒவ்வொரு மேப்பும் ஒரு குறிப்பிட்ட ஆக்டேன் பெட்ரோலை மனதில் வைத்தே எழுதப்படுகிறது.

அமெரிக்க ட்யூனர் ஒருவர் தன் பைலுக்கு '93 ஆக்டேன்' என்று பெயரிட்டு இன்டர்நெட்டில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் எண் 95 என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025இல் தெரிவித்தது. 93ஐ விட 95 பெரியது, ஆகவே நமக்குக் கவலையில்லை என்றுதானே தோன்றும்?

அங்கேதான் பொறி இருக்கிறது. இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. ஆக்டேனை அளக்க இரண்டு சோதனைகள் உள்ளன. ரிசர்ச் முறையில் வரும் எண் ஆர்ஓஎன். இன்னும் கடுமையான மோட்டார் முறையில் வரும் எண் எம்ஓஎன். இது பெரும்பாலும் 8 முதல் 10 வரை குறைவாக இருக்கும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஆர்ஓஎன் எண்ணைச் சொல்கிறோம். அமெரிக்க பங்குகளில் எழுதியிருப்பது இரண்டின் சராசரி. அந்த நாட்டு 93 என்பது நம் கணக்கில் சுமார் 98. அந்த நாட்டு 91 என்பது நம் கணக்கில் சுமார் 95 அல்லது 96.

அதாவது 98க்காக எழுதிய மேப்பை 95இல் ஓட்டுகிறோம். இசியுவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்குத் தெரிந்தது கட்டத்தில் உள்ள எண் மட்டுமே. சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கு இது பழகிய ஆபத்து: எண் சரி, யூனிட் தவறு. கம்பைலர் எந்தப் பிழையும் காட்டாது. புரோகிராம் ஓடும். விடை மட்டும் தவறாக வரும்.

எத்தனாலிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 கிலோ போதும். எனவே எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு எழுதிய மேப் நம் ஊரில் ஓடும்போது தேவையை விடச் சுமார் 8 சதவீதம் குறைவாகவே எரிபொருள் தெளிக்கும். மெதுவாகப் போகும்போது ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். ஆனால் பல கார்களில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது இந்தத் திருத்தம் வேலை செய்வதில்லை. மேப்பில் உள்ளதே வேதவாக்கு. டர்போ முழு அழுத்தம் தரும் நேரமும் அதுதான். அந்த நேரத்தில் எரிபொருள் சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் அது ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிர்விக்கும். குறைந்தால் சூடு ஏறும், டெட்டனேஷன் தொடங்கும்.

மேலும் சில தவறுகள்

ஊர் வெப்பம்: 10 டிகிரி குளிர் உள்ள நாட்டில் சோதித்த மேப், மே மாதச் சென்னையிலும் மதுரையிலும் அதே போல நடந்துகொள்ளாது. உள்ளே நுழையும் காற்றே 30 டிகிரி கூடுதல் சூட்டில் தொடங்குகிறது.

இன்ஜெக்டரின் எல்லை: 6000 சுற்றில் ஒரு சிலிண்டரின் முழுச் சுழற்சி 20 மில்லி விநாடியில் முடிந்துவிடுகிறது. அதற்குள் தெளிக்க முடிந்த அளவுதான் தெளிக்க முடியும். மேப்பில் எந்த எண்ணை டைப் செய்தாலும் இன்ஜெக்டர் அதற்கு மேல் தராது. டர்போவின் அழுத்தத்தை மட்டும் கூட்டினால் காற்று கூடும், பெட்ரோல் கூடாது. இந்த நிலையில் பிஸ்டன் உருகியே ஓட்டை விழலாம்.

தாழ்ந்த வேகத்தில் முழு அழுத்தம்: இப்போதைய சிறிய டர்போ இன்ஜின்களில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கிறார்கள். இவற்றில் 2000 சுற்றை ஒட்டிய வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தினால், ஆயில் துளிகள் கலந்த கலவை பொறி விழுவதற்கு முன்பே பற்றிக்கொள்வது உண்டு. இது டெட்டனேஷனை விடக் கடுமையானது. ஒரே ஒரு முறை நடந்தாலும் பிஸ்டன் உடையக்கூடும். ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று கண்டறிந்த பின், 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற புதிய ஆயில் தரமும், 2020இல் எஸ்பி தரமும் வந்தன. ட்யூனிங் செய்யாத காருக்கும் இது பொருந்தும். மேனுவலில் சொன்ன தரத்து ஆயிலையே ஊற்றுங்கள். டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஓவர்டேக் செய்ய வேண்டுமானால், கியரைக் குறைத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள்.

அன்டூ இல்லாத வேலை

கம்ப்யூட்டரில் ஓவர்கிளாக்கிங் செய்து பார்த்தவர்களுக்கு ஒரு தைரியம் இருக்கும். பிராசசரின் வேகத்தைக் கூட்டுவோம், ஹேங் ஆனால் பயாஸ் செட்டிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவோம். அவ்வளவுதானே என்ற அதே நம்பிக்கையுடன் கார் பக்கம் வருகிறார்கள். பழைய பைலைத் திரும்ப எழுதலாம் என்பது உண்மைதான். உடைந்த விளிம்பு ஒட்டிக்கொள்ளாது.

கம்ப்யூட்டர் உலகிலும் இதற்குச் சான்று உண்டு. இன்டெலின் 13 மற்றும் 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் சில நிலைகுலையத் தொடங்கின. பிராசசருக்குள் இருக்கும் மைக்ரோகோட் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டது ஒரு முக்கியக் காரணம் என்று அந்நிறுவனம் 2024இல் அறிவித்தது. திருத்தமும் வெளியிட்டது. அந்தத் திருத்தம் இனி நடக்கவிருக்கும் கேட்டைத்தான் தடுக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பைச் சரிசெய்யாது. எண்ணைத் திருத்தினால் உலோகமோ சிலிக்கானோ திருந்துவதில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஓவர்கிளாக் தவறினால் கம்ப்யூட்டர் உடனே ஹேங் ஆகி எச்சரிக்கும். தவறான மேப் ஏற்றிய கார் முதல் நாள் பறக்கும். பொறி முன்கூட்டியே விழுவதால் இழுவை கூடும், ஓட்டுபவருக்கு உற்சாகமாக இருக்கும். ரோட்டின் இரைச்சலிலும் பாட்டுச் சத்தத்திலும் அந்தக் கூழாங்கல் ஓசை காதில் விழாது. சேதம் சிறிது சிறிதாகச் சேரும். ஒரு நாள் நீலப் புகை வரும்போது காலம் கடந்திருக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

எழுதும் முன் படியுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி என்ற சாக்கெட் இருக்கும். அதில் சிறிய புளூடூத் கருவியைச் செருகினால் உங்கள் மொபைலிலேயே இன்ஜின் தகவல்களைப் பார்க்கலாம். இப்படித் தகவல்களைப் படிப்பது மட்டும் எதையும் மாற்றாது. உள்ளே நுழையும் காற்றின் வெப்பம், பொறியின் டிகிரி, காற்றழுத்தம் ஆகிய மூன்றையும் பதிவு செய்யுங்கள். மொபைலைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவரின் வேலை, ஓட்டுபவரின் வேலை அல்ல. ஒரே ரோடு, ஒரே வேகம், ஒரே அழுத்தம் இருந்தும் பொறியின் டிகிரி திடீர் திடீரென்று குறைந்தால், இசியு டெட்டனேஷனைக் கேட்டுப் பின்வாங்குகிறது என்று சந்தேகிக்கலாம்.

ட்யூனிங் செய்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தால், ட்யூனரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. இந்த மேப் எந்த ஆக்டேனுக்கு எழுதப்பட்டது? அது ஆர்ஓஎன்னா, அமெரிக்கக் கணக்கா? எத்தனால் அளவு கணக்கில் உள்ளதா?

2. மாற்றுவதற்கு முன் என் காரின் ஒரிஜினல் பைலை பேக்கப் எடுத்து என்னிடம் தருவீர்களா?

3. ஏற்றிய பிறகு என் காரை ஓட்டி, காற்று-எரிபொருள் விகிதத்தையும் நாக் அளவையும் பதிவு செய்து காட்டுவீர்களா?

4. நாக் சென்சார் மேப்பைத் தொடுவீர்களா?

முதல் மூன்றில் ஒன்றுக்காவது தெளிவான பதில் வராவிட்டாலோ, நான்காவதற்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலோ, நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ட்யூனிங் செய்த காருக்கு இன்ஜின் வாரன்டியை நிறுவனம் மறுக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும். சில இசியுக்கள் தாம் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டோம் என்பதைக் கணக்கு வைத்திருக்கும். பழைய பைலைத் திரும்ப ஏற்றினாலும் அந்தக் கணக்கு அழியாது.

பழைய டர்போ கார் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பீங்கான் மேல் அலுமினியத் துகள்கள் மின்னினால் அவை பிஸ்டனிலிருந்து வந்தவை. கம்ப்ரஷன் டெஸ்டில் மூன்று சிலிண்டர்கள் ஒத்துப்போய், ஒன்று மட்டும் தனியாகக் குறைந்து நின்றால் அந்தக் காரை வாங்காதீர்கள். ஆயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை குறைகிறது என்றும் விசாரியுங்கள்.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்த பைலையும் தைரியமாகத் திறந்து பார்க்கலாம், மாற்றிப் பார்க்கலாம். தவறினால் ஃபார்மட் செய்து விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். அப்படித்தான் நாம் எல்லோரும் கற்றுக்கொள்கிறோம். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரையும் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், அதன் எண்களைப் பார்த்து ரசியுங்கள். மாற்றி எழுதும் வேலையை மட்டும், உங்கள் பெட்ரோலையும் உங்கள் ஊர் வெயிலையும் அளந்து பார்த்துச் செய்பவரிடம் விடுங்கள்.